கரும்பலகையில் எழுதிய பெயர்

உருத்திரபுரம்
18.02.2001

ராஜினிக்கு,

சுகமாய் இருப்பாய் எண்டு நினைக்கிறன். நீ வவுனியாப் பக்கம் போய் நாலு வருஷமாகுது, நான் போடுற முதல் கடிதம் இதுதான். கோவிக்காதை. எழுத நினைச்சால் கொண்டுபோக ஆள் இல்லை, ஆள் கிடைச்சால் பேப்பர் இல்லை. சரி, உண்மையைச் சொன்னால் அதெல்லாம் சாட்டு. பஞ்சியிலை சோம்பிக் கிடந்திட்டன்.

சண்டைக்கு இடம்பெயர்ந்து போன நாங்கள் போன வருஷக் கடைசியிலைதான் திரும்ப ஊருக்கு வந்தனாங்கள். வீட்டிலை சுவர் மட்டும் நிக்குது, மேலை கிடுகு போட்டிருக்கு. வயல் முழுக்கப் பத்தை. மாயாண்டிதான் எல்லாம் வெட்டித் துப்புரவாக்கி விதைச்சுத் தந்தவன். அவன் இல்லாட்டி அம்மாவும் நானும் என்ன செய்திருப்பம் எண்டு தெரியாது. உங்கட குடும்பத்தை நாங்கள் ஒருநாளும் மறக்கமாட்டம்.

பள்ளிக்கூடத்திலை என்னைத் தொண்டர் ஆசிரியரா எடுத்திருக்கினம். என்ன பாடம் தெரியுமோ? இங்கிலிசு! சிரிக்காதை. ஓ.எல்.இலை நீ திறமா டி எடுத்தாய், நான் கடைசி எஸ்ஸோடை தப்பினனான். ஆனால் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இந்தப் பக்கத்திலை இங்கிலிசு சொல்லிக்குடுக்க என்னை விட்டால் வேறை ஆள் இல்லை.

எழுதுற காரியம் இதுதான். உன்ரை தங்கச்சி தயாளினி என்ரை வகுப்பு. மார்கழியிலை ஓ.எல். சோதினை. நல்ல கெட்டிக்காரி. இப்ப ரெண்டு கிழமையா என்ரை பாடத்துக்கு வாறேல்லை. பெயர்ச்சொல், பிரதிப்பெயர்ச்சொல் படிப்பிக்கேக்கை நான் சொன்ன ஒரு உதாரணம் அவளுக்குப் பிடிக்கேல்லையாம். சின்ன விஷயம். அந்த வயசிலை எல்லாத்துக்கும் மூக்கு நுனியிலை கோவம். நர்ஸ் படிக்க வேணும் எண்டு சொல்லித் திரிஞ்சவள், இங்கிலிசு இல்லாமல் நர்ஸுக்கு எடுப்பினமோ? நீ சொன்னால் கேப்பாள். ஒரு கடிதம் போட்டுவிடு.

ஜெகதீஸ்வரி


பூவரசங்குளம்
09.03.2001

அன்புள்ள ஜெகதீஸ்வரி டீச்சருக்கு,

டீச்சர்னு போடுறேன், சிரிக்காதீங்க. என் தங்கச்சிக்கு டீச்சர்னா எனக்கும் டீச்சர்தான்.

உங்க கடிதம் கிடைச்சிச்சு. சண்டை எல்லையைத் தாண்டி இங்க வர பாஸ் எடுத்து வந்த ஒரு அம்மா சட்டைக்குள்ள மடிச்சு வச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. வாசிச்சு முடிச்சதும் கண்ணுல ஒத்திக்கிட்டேன். இத்தனை கஷ்டத்துக்குள்ள எங்க வீட்டுப் புள்ளைக்காக மெனக்கெட்டு எழுதியிருக்கீங்களே, அதை என்னான்னு சொல்லுறது.

அவளுக்கு என்னா கொழுப்பு பாருங்க! டீச்சர் ஒரு வார்த்தை சொன்னா படிப்புக்குத்தானே சொல்லுவாங்க. நானும் இங்க ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறேன், இந்த வயசுப் புள்ளைங்களோட மாரடிக்கிறது எனக்கும் தெரியும். நல்லா ஏசி எழுதிட்டேன். டீச்சர் கால்ல விழுந்தாவது வகுப்புக்குப் போன்னு எழுதியிருக்கேன்.

அப்பாவுக்கும் தனியா எழுதியிருக்கேன். நீங்களே அவளைக் கூட்டிக்கிட்டுப் போயி, டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டு விட்டுட்டு வாங்கன்னு. அவருக்கு வாசிக்க வராது, பக்கத்து வீட்டு பேச்சியம்மா வாசிச்சுக் காட்டும். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. அவளைக் கைவிட்டுராதீங்க. எங்க வீட்டுல வயல்வரம்பைத் தாண்டிப் படிச்சுப் போறதுக்கு மிச்சமிருக்கிறது அவ ஒருத்திதான்.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

ராஜினி


உருத்திரபுரம்
30.03.2001

ராஜினி,

உன்ரை கடிதம் வர முதல் உன்ரை அப்பா வந்திட்டார். அதைத்தான் எழுத வேணும். எங்கை துவங்கிறது எண்டு தெரியேல்லை.

முதல் கடிதத்திலை நான் உனக்கு முழுசாச் சொல்லேல்லை. சின்ன விஷயம் எண்டு எழுதினன். சின்ன விஷயம் இல்லை.

அண்டைக்கு பெயர்ச்சொல் பாடம். பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எண்டு பலகையைப் பிரிச்சு எழுதினன். பிள்ளையள் ஊர்ப்பெயர் சொல்லிச்சினம், குளத்தின்ரை பெயர் சொல்லிச்சினம். எங்கட பள்ளிக்கூடத்து அதிபரை வைச்சு நான் ஒரு வசனம் எழுதினன். அடுத்த வசனத்திலை அவற்றை பெயரைத் திருப்பிச் சொல்லாமல் "ஹீ" எண்டு போட வேணும், பெயருக்குப் பதிலா வாறதுதான் பிரதிப்பெயர் எண்டு விளங்கப்படுத்தி, அதுக்குக் கீழை தமிழிலை "அவர்" எண்டு எழுதினன். அவ்வளவும் சரி. இன்னொரு உதாரணம் வேணும். காலமை வெளிக்கிடேக்கை அம்மா "மாயாண்டி வந்தவனோ?" எண்டு கேட்ட சத்தம் காதுக்குள்ளை கிடந்தது. யோசிக்காமல் எழுதிப்போட்டன். மாயாண்டி ஒரு கூலி. ஹீ எங்கட வயலிலை வேலை செய்யிறார் எண்டு இங்கிலிசிலை எழுதி, அந்த "ஹீ"க்குக் கீழை "அவன்" எண்டு எழுதினன்.

முன் வாங்கிலை இருந்த சஜீவன் திரும்பிப் பாத்து, "டீச்சர், அது தயாளினியின்ரை அப்பா" எண்டான். வகுப்புக் கொல்லெண்டு சிரிச்சது. நானும் சிரிச்சுப்போட்டன், ராஜினி. ஏன் சிரிச்சனீ எண்டு கேளாதை, எனக்குத் தெரியாது. அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனவள்தான்.

போன கிழமை உன்ரை அப்பா வந்தார். கொட்டில் வகுப்புத்தானே, கதவும் இல்லை ஒண்டும் இல்லை. தோளிலை கிடந்த துண்டைக் கையிலை எடுத்துக்கொண்டு வெளியிலை வெய்யிலுக்கை நிண்டு கூப்பிட்டார். "பிள்ளை, ராஜினி எழுதியிருக்கு. சின்னவ வெவரம் தெரியாம கோவிச்சுக்கிச்சு. மன்னிச்சிருங்க பிள்ளை" எண்டு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். வகுப்பு முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தது. தயாளினி கொஞ்சம் தள்ளி வேலியோடை நிண்டாள்.

அப்ப நான் என்ன சொல்லியிருக்க வேணும் எண்டு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது இதுதான்: "பறவாயில்லை மாயாண்டி, நீ போ, நான் பாத்துக்கொள்ளுறன்."

பிழை விட்டதும் நான், பெரிய மனசோடை மன்னிச்சு விட்டதும் நான். தயாளினி என்னை ஒருக்கால் பாத்தாள். தேப்பனின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போட்டாள். எனக்கு அண்டு முழுக்கச் சோறு இறங்கேல்லை. வெக்கமாக் கிடக்கு. செத்துப்போகலாம் போலை கிடக்கு.

இந்தக் கடிதத்திலை "வந்தான்", "கூப்பிட்டான்" எண்டு எழுதி வெட்டிப்போட்டுத் திருத்தியிருக்கிறன். வெட்டினது உனக்குத் தெரியும். வேறை பேப்பர் இல்லை.

ஜெகா


பூவரசங்குளம்
20.04.2001

ஜெகதீஸ்வரி,

அன்புள்ளன்னு போட மனசு வரல. தயாளினி கடிதமும் உன் கடிதமும் ஒரே கிழமையில வந்திச்சு. அவ எழுதியிருந்தது ரெண்டே வரி. "அக்கா, என்னைய ஏசுனதுக்குப் பரவாயில்ல. அப்பாவை ஏன் அனுப்புன?"

உன் பேச்சை நம்பி என் தங்கச்சியை ஏசுனேன். உன் பேச்சை நம்பி எங்கப்பாவை வெய்யில்ல நிக்க வச்சுக் கும்பிட வச்சேன். சின்ன விஷயம்னு எழுதுன பாரு, அந்த வார்த்தைக்கு உன் வாயில அடுப்புக்கரியை வச்சுத் தேய்க்கணும்!

நீ வெட்டித் திருத்துனதைப் பாத்தேன். பெறகு முதல் கடிதத்தை எடுத்து, வெட்டாம எழுதுனதையும் பாத்தேன். மகளுக்கு எழுதுற கடிதத்துலயே அப்பாவை அவன்னு எழுதியிருக்க. அதை வாசிச்சுட்டு நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன். எனக்கு ஒறைக்கவே இல்ல. உன்னைவிட அதுதான் என்னைய இப்ப அறுக்குது.

ஒரே வாங்குல இருந்து படிச்சோம். நீ என்னைய நீன்னு கூப்பிட்ட, நான் உன்னைய நீங்கன்னு கூப்பிட்டேன். ஒரு வாத்தியாரும் ஏன்னு கேக்கல. இன்னைக்குத்தான் முதல் தடவையா நீன்னு எழுதுறேன். இனிமேலும் அப்படித்தான்.

எழுவத்தேழு கலவரத்துல அடிச்சுத் தொரத்தி, மலையகத் தேயிலைத் தோட்டத்துலேர்ந்து கட்டுன துணியோட வந்த மனுசன். பாம்பும் பூரானும் கிடந்த காட்டை வெட்டி ஊரு வயல்ல பாதியை உண்டாக்குனவரு. அந்த வயல்ல வெளைஞ்ச சோத்தைத்தான் நீயும் தின்ன, நானும் தின்னேன்.

உன் மன்னிப்பு எனக்கு வேணாம். வச்சு நான் என்ன செய்ய? அவ சோதினை எழுதணும். அங்க இருக்கிறது நீ ஒரே ஒரு டீச்சர், அது எங்க தலையெழுத்து. போயி அவளைக் கூட்டிக்கிட்டு வா.

ராஜினி


உருத்திரபுரம்
22.05.2001

ராஜினிக்கு,

நீர் ஏசினது காணாது. இன்னும் ஏசியிருக்கலாம்.

போனனான். பின்னேரம், உங்கட அப்பா வாசலிலை இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, எழும்பாதேங்கோ, இருங்கோ, உங்களோடை கதைக்கத்தான் வந்தனான்" எண்டன். அவ்வளவுதான் சொன்னனான். மண்வெட்டியைப் போட்டிட்டு எழும்பி நிண்டார். முகத்திலை ஈயாடேல்லை. "என்னா பிள்ளை, நான் என்ன பிழை செஞ்சிட்டேன்? வேலைக்கு வேற ஆளு பிடிச்சிட்டீங்களா?" எண்டு கேட்டார். மரியாதை குடுத்துக் கதைச்சால் வேலையாலை கலைக்கப்போறம் எண்டு அந்த மனுஷனுக்கு விளங்கியிருக்கு. இவ்வளவு காலமும் நாங்கள் கதைச்ச சீர் அப்பிடி.

நான் அழுதுகொண்டு, பிழை என்னிலை, மன்னியுங்கோ எண்டன். அவர் என்னைத் தேத்துறார்! "அட, இதுக்கா பிள்ளை? நான் கூலிதானே, உள்ளதைத்தானே எழுதுனீங்க." பேச்சியம்மா வேலிக்கு அங்கால் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

தயாளினி வெளியிலை வரேல்லை. உள்ளை இருந்தபடியே சொன்னாள்: "இங்க வந்து ஏன் சொல்லுறீங்க டீச்சர்? எங்கப்பா சிரிக்கலையே. சிரிச்சவங்க இருக்கிற இடத்துல போய்ச் சொல்லுங்க."

அண்டையோடை உங்கட அப்பா எங்கட வயலுக்கு வாறதை விட்டிட்டார். "பிள்ளை வாங்க போங்கன்னா எனக்குக் கூச்சமா இருக்கு, வேலை ஓடாது" எண்டு சொல்லிவிட்டவராம். இப்ப வேறை ஒராளின்ரை வயலுக்குப் போறார். அங்கை அவரை வாடா போடா எண்டுதான் கூப்பிடுகினம். என்ரை அம்மா குசினிக்குள்ளை நிண்டு கத்துறா: "உன்ரை நீங்கோவாலை இருந்த ஒரு மனுஷனையும் கலைச்சுப்போட்டாய், பள்ளிக்கூடத்துக்காரி!"

வகுப்பிலை சொல்லுவம் எண்டு அதிபரிட்டைக் கேட்டன். "நடந்தது நடந்து போச்சு, ஏன் கிளறுறியள்? பிறகு தாய்தேப்பன்மார் ரெண்டு பக்கமா நிண்டு கதைப்பினம்" எண்டார். எனக்கும் அந்தச் சாட்டு நல்ல வாய்ப்பாய்ப் போச்சு. அடுத்த நாள், "போன தவணையிலை தந்த உதாரணம் ஒண்டு சரியில்லை, கொப்பியிலை வெட்டிவிடுங்கோ" எண்டன். பிள்ளையள் அடிமட்டம் வைச்சு வெட்டிச்சினம். அவ்வளவுதான் என்ரை தைரியம்.

ஜெகா


பூவரசங்குளம்
11.06.2001

ஜெகா,

அடிமட்டம் வச்சு வெட்டச் சொன்னியா? ரொம்ப நல்லாருக்கு. எங்கப்பா பேரு மேல நேரா ஒரு கோடு.

பூனைக்குப் பயந்து எலி குடும்பம் நடத்துற மாதிரி அதிபருக்குப் பயந்து எத்தனை நாளைக்கு? வாயால சிரிச்சல்ல, அதே வாயால சொல்லு. எனக்கு எழுதி எழுதி ஆத்திக்கிறதை நிப்பாட்டு. மார்கழி வந்துக்கிட்டே இருக்கு, தங்கச்சி வீட்டுல குந்திக்கிட்டு இருக்கா.

ராஜினி


உருத்திரபுரம்
08.07.2001

ராஜினிக்கு,

சொல்லிப்போட்டன்.

பேச்சியம்மாவைக் கொண்டு தயாளினிக்குச் சொல்லியனுப்பினனான், ஒரு நாளைக்கு மட்டும் வா, பிறகு உன்ரை விருப்பம் எண்டு. வந்தாள். பின் வாங்கிலை இருந்தாள். அதிபரிட்டை நான் கேக்கேல்லை.

பலகையிலை ஒண்டும் எழுதேல்லை. முன்னாலை நிண்டு சொன்னன். "மாயாண்டி ஐயாதான் எங்கட வயலை மீட்டுத் தந்தவர். அவரைக் கூலி எண்டும் அவன் எண்டும் இந்தப் பலகையிலை எழுதினது நான். நீங்கள் சிரிச்சியள், நான் பேசாமல் விட்டிருந்தாலே பிழை, நானும் சேந்து சிரிச்சனான். அவர் வந்து கும்பிடேக்கை, மன்னிப்புக் கேக்க வேண்டியவள் நான், அவற்றை கும்பிடை வாங்கி வைச்சுக்கொண்டு அனுப்பினனான்." இவ்வளவும் ஒரு மூச்சிலை சொன்னன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. சஜீவன் தலையைக் குனிஞ்சான். மற்றப் பிள்ளையள் எல்லாம் திரும்பி தயாளினியைப் பாத்துக்கொண்டு இருந்திச்சினம். அவள் மேசையைப் பாத்தபடி இருந்தாள்.

வகுப்பு முடிய எல்லாரும் போகட்டும் எண்டு நிண்டு, என்னட்டை வந்தாள். நான் கட்டிப்பிடிச்சு அழுவன் எண்டு நினைச்சன். அவள் அதுக்கு இடம் தரேல்லை.

"நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆனா இன்னைக்கும் எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. உங்களை ஒருத்தரும் பாக்கல. இனிமே எங்கப்பா பேரை எடுக்காதீங்க. கெட்டதுக்கும் எடுக்காதீங்க, நல்லதுக்கும் எடுக்காதீங்க. பாடத்தை மட்டும் நடத்துங்க. நான் வாறேன்."

வாறாள். ஒரு நாளும் பிந்துறேல்லை. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லுவாள், அதுக்கு மேலை ஒரு சொல்லு இல்லை. நான் நினைச்சது, வாய்விட்டுச் சொல்லி முடிச்சால் இந்த வெக்கம் இறங்கிப்போகும் எண்டு. இறங்கேல்லை. அவள் சோதினை எழுதினால் காணும், எனக்கு என்னெண்டாலும் கிடக்கட்டும்.

உங்கட அப்பாவுக்குக் கண்ணிலை வெள்ளை வளந்திட்டுது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கினம். பாஸ் கிடைச்சவுடனை உம்மட்டைத்தான் வருவார். கவனமாப் பாரும்.

ஜெகா


பூவரசங்குளம்
16.09.2001

ஜெகாவுக்கு,

அப்பா வந்து சேந்தாரு. கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிச்சு. கண்ணைக் கட்டிக்கிட்டு கயித்துக் கட்டில்ல படுத்திருக்காரு. இந்தக் கடிதத்தை அவரு பக்கத்துல இருந்துதான் எழுதுறேன். உனக்கு எழுதலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். வேற யாருக்கு எழுத முடியும்?

நான் இங்க வேலைக்குச் சேந்தப்ப டீச்சர்மார் சுத்தி நின்னு கேட்டாங்க, எந்த ஊரு, அப்பா என்ன செய்யிறாருன்னு. கிளிநொச்சி, சொந்த வயல், கமம் செய்யிறாருன்னு சொன்னேன். பேரு என்னன்னு கேட்டாங்க. மகேந்திரன்னு சொன்னேன். என் பேருக்கு முன்னால "ம" வர்றதுக்கு ஏத்த மாதிரி வாயில வந்த பேரு அது. அன்னையிலேர்ந்து இங்க நான் மகேந்திரன் மக. அவங்க முன்னால வாயைத் தொறந்தா உன்னைப் போலத்தான் கதைப்பேன், ஓம், வாறன், போறன்னு. நீ அங்க கரும்பலகையில எழுதுன பேரை நான் இங்க எழுதாமலே அழிச்சு வச்சிருந்தேன். உன்னைக் கிழிச்சு அத்தனை கடிதம் எழுதினப்பவும் அதை ஒரு நாளும் நினைக்கல.

அப்பா பஸ்ஸால இறங்கி வீடு தெரியாம பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாரு. இடைவேளை நேரம். நாங்க எல்லாரும் மரத்தடியில நிக்கிறோம். கையில ஒரு உரப்பை, உள்ள எனக்குப் புழுங்கலரிசியும் முருங்கைக்காயும். வாசல்ல வாச்சர் மறிச்சு, யார் நீங்கள், யாரைப் பாக்கோணும்னு கேட்டாரு. அப்பா தலையை நிமித்தி என்னையப் பாத்தாரு. பாதிக் கண்ணு தெரியாத மனுசனுக்கு என் முகம் எப்படித்தான் தெரிஞ்சுதோ. தோள்ல கிடந்த துண்டு கைக்கு வந்திச்சு.

"ராஜினி டீச்சர் வீட்டு வயல்ல வேலை செய்யிறவன் ஐயா. அரிசி குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" அப்படின்னாரு.

பக்கத்துல நின்ன கமலாசனி டீச்சர் என் தோளைத் தட்டி, "ராஜினி, உம்மட வேலைக்காரன் வந்திருக்கிறான்" எண்டா.

நான் "ஓம்" எண்டன்.

அவ்வளவுதான் சொன்னேன், ஜெகா. போயி உரப்பையை வாங்கிக்கிட்டேன். பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் அவரு வெளியில மதகுல குந்திக்கிட்டு இருந்தாரு. தண்ணிகூடக் குடுக்கல நான்.

நாளைக்குத் திங்கக்கிழமை. ஆபரேசனுக்கு எடுத்த லீவு முடியுது. வாயால சொல்லுன்னு உனக்கு எழுதினவ நான்தான். நாளைக்கு அந்த மரத்தடியில போயி நின்னு சொல்லணும். உன்னால எப்படி முடிஞ்சிச்சுன்னு தெரியல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திட்டு அழுதேன். ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். அவரு ஒரு கோவமும் இல்லாம சொல்லுறாரு: "சின்னவ விசயத்துலதான் எனக்கு வெளங்கிச்சும்மா. எம் பேரைச் சொன்னா புள்ளைங்க சிரிக்குதுங்க. நீ இங்க மரியாதையா இருக்க, உனக்கு அது எதுக்கு?"

நான் இன்னும் சத்தமா அழுதேன். பாவம், அவருக்கு ஏன்னு புரியல. பயந்து போயி என் தலையைத் தடவிக்கிட்டே கேக்கிறாரு: "ஏம்மா அழுவுற? நான் சரியாத்தானே சொன்னேன்?"

ராஜினி